மலையில் நிலக்கரி, கடைமடையில் கவலை: கனடா சொல்லும் தண்ணீர்ப் பாடம்

ஆற்றின் தலைமாட்டில் ஒரு சுரங்கம் வந்தால், 200 கிலோமீட்டர் கீழே உருளைக்கிழங்கு போட்டிருக்கும் விவசாயிக்கு என்ன ஆகும்? கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வி அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. அங்குள்ள ராக்கி மலையின் கிழக்குச் சரிவில் புதிய நிலக்கரிச் சுரங்கம் தோண்டலாமா, கூடாதா என்பதுதான் சண்டை. 2021-ல் 'கூடாது' என்று தீர்ப்பானது. 2025 மே மாதத்தில் அதே மலையில் ஆய்வுத் துளை போட அனுமதி கிடைத்துவிட்டது.

எங்கோ இருக்கும் கனடா விவகாரம் நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஆற்றுத் தண்ணீரை நம்பிப் பயிர் செய்கிற எவருக்கும் இதில் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. தண்ணீரின் அளவு, தண்ணீரின் தரம், முடிவெடுக்கும் உரிமை என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

மழை மறைவுப் பிரதேசத்துப் பாசனம்

முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ராக்கி மலையின் மேற்குப் பக்கத்தில் மழையையும் பனியையும் கொட்டிவிடுகிறது. மலை தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அது வறண்ட காற்றாகிவிடும். 'சினூக்' என்று பெயர் பெற்ற அந்தக் காற்று குளிர்காலத்திலும் வெப்பமாக வீசி, தரையில் கிடக்கும் பனியைத் தின்றுவிடும். அதனால் தெற்கு ஆல்பர்ட்டாவின் சமவெளியில் ஆண்டு மழையளவு 400 மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் தமிழ்நாட்டின் சராசரியில் பாதிகூட இல்லை.

ஆனாலும் கனடாவின் மொத்தப் பாசன நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. கோதுமை, பார்லி, கடுகினத்தைச் சேர்ந்த கனோலா, சர்க்கரைக் கிழங்கு, உருளைக்கிழங்கு, குதிரை மசால் எல்லாம் அங்கே விளைகின்றன. லெத்பிரிட்ஜ் நகரைச் சுற்றிப் பெரிய பெரிய மாட்டுப் பண்ணைகளும் உள்ளன. இத்தனைக்கும் தண்ணீர் எங்கிருந்து? மலையில் குளிர்காலம் முழுக்கச் சேரும் பனி, மே, ஜூன் மாதங்களில் உருகி ஆறாக இறங்குகிறது. நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலை எப்படியோ, அவர்களுக்கு ராக்கி மலை அப்படி. பனிதான் அவர்களின் முதல் அணை.

அந்த ஆறுகளில் ஒன்று ஓல்ட்மேன். அதன் துணையாறு குரோஸ்னெஸ்ட். இரண்டும் சேரும் இடத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. கொள்ளளவு நம் கணக்கில் சுமார் 17 டி.எம்.சி. மேட்டூரின் 93 டி.எம்.சி.யோடு ஒப்பிட்டால் சிறிய அணைதான். சர்ச்சைக்குரிய 'கிராஸி மவுண்டன்' நிலக்கரித் திட்டம் இந்த அணைக்கு மேலே, குரோஸ்னெஸ்ட் ஆற்றில் கலக்கும் இரண்டு ஓடைகளுக்கு நடுவே இருக்கிறது.

பங்கு போட்டு முடிந்த தண்ணீர்

ஆல்பர்ட்டாவில் ஆற்றுநீர் எடுக்க உரிமம் வேண்டும். யார் முதலில் உரிமம் வாங்கினாரோ அவருக்கே முன்னுரிமை. வறட்சி வந்தால் மூத்த உரிமத்துக்குத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் இளைய உரிமத்துக்கு. மூத்த உரிமங்களில் பெரும்பங்கு பாசனச் சங்கங்களிடம் இருக்கிறது.

2006-ல் ஓல்ட்மேன் உள்ளிட்ட தெற்கு ஆற்றுப் படுகைகளில் புதிய உரிம விண்ணப்பங்களை வாங்குவதையே அரசு நிறுத்திவிட்டது. காரணம் எளிது. இருக்கிற தண்ணீர் முழுவதையும் பங்கு போட்டாயிற்று, இனிக் கொடுக்க ஏதுமில்லை. புதிதாக ஒருவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஏற்கெனவே உரிமம் உள்ளவரிடம்தான் வாங்க வேண்டும்.

இதில் ஒரு சிறிய விதிவிலக்கு இருந்தது. அணைக்கு மேலே உள்ள பகுதியின் தேவைக்கென்று 11,000 ஏக்கர்-அடித் தண்ணீர் தனியாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. நம் கணக்கில் அரை டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவு. அதிலும் தொழிற்சாலைகளுக்கு 150 ஏக்கர்-அடி மட்டுமே என்று வரம்பு கட்டியிருந்தார்கள். 2020-ல் இந்த வரம்பைத் தளர்த்தலாமா என்று அரசு யோசிக்கத் தொடங்கியதும்தான் கீழ்ப்பகுதி விவசாயிகள் விழித்துக்கொண்டார்கள். நிலக்கரியைக் கழுவவும், சாலைத் தூசியை அடக்கவும் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் யாருடைய பங்கிலிருந்து போகும் என்பதே அவர்கள் கேட்ட முதல் கேள்வி.

வானிலை மாறும்போது

இந்தக் கணக்கெல்லாம் ஆற்றில் வழக்கமான நீர் வரும் என்று நம்பிப் போட்டது. அந்த நம்பிக்கையைத்தான் காலநிலை மாற்றம் அசைக்கிறது. குளிர்காலம் வெப்பமானால் பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்து, பயிரில்லாத காலத்தில் ஓடிவிடும். விழுந்த பனியும் முன்கூட்டியே உருகும். வசந்தத்தில் வெள்ளம், ஜூலை, ஆகஸ்டில் பயிர் வாடும்போது ஆற்றில் மணல்.

2023-ல் இது கண்ணெதிரே நடந்தது. ஓல்ட்மேன் அணை இறங்கிக்கொண்டே போய், 2024-ன் தொடக்கத்தில் சுமார் 30 சதவீதத்தில் நின்றது. பின்சர் கிரீக் வட்டாரத்துக் குடிநீர்த் திட்டத்தின் உறிஞ்சுகுழாய் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். 2024 ஏப்ரலில் மாநிலத்தின் பெரிய உரிமதாரர்கள் 38 பேர், 'இந்த ஆண்டு வறட்சி முற்றினால் எங்கள் பங்கைக் குறைத்துக்கொள்கிறோம்' என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மூத்த உரிமம் வைத்திருந்த பாசனச் சங்கங்களும் அதில் உண்டு. சட்டப்படி விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, இருந்தும் விட்டுக்கொடுத்தார்கள். இப்படிப் பங்கைச் சுருக்கிக்கொள்ள விவசாயிகள் முன்வந்த அதே ஆண்டின் இறுதியில்தான், மலையில் சுரங்கத்துக்கான கதவு மறுபடி திறந்தது. அவர்களின் மனத்தாங்கலைப் புரிந்துகொள்ள இது போதும்.

சுரங்கம் நீர்வரத்தை எப்படி மாற்றும்? மலைச்சரிவின் காடும் மண்ணும் ஒரு பஞ்சு மாதிரி. பனி உருகும்போது உறிஞ்சி வைத்து, கோடையில் ஊற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். திறந்தவெளிச் சுரங்கத்தில் காட்டை வெட்டி, மண்ணை அகற்றி, பாறையை வெடிவைத்துத் தகர்ப்பார்கள். குழிக்குள் ஊறும் நீரை இறைத்தால் சுற்றுவட்டார நிலத்தடி நீர்மட்டம் இறங்கும், ஓடைகளுக்கான ஊற்று குறையும். கரித்தூள் படிந்த பனி வெயிலை அதிகம் வாங்கிச் சீக்கிரம் உருகும். வெப்பத்தால் ஏற்கெனவே வேகமாகிவிட்ட ஓட்டத்துக்கு இது இன்னொரு சாட்டையடி.

செலினியம்: கண்ணுக்குத் தெரியாத சிக்கல்

அளவைவிடத் தரம் பெரிய தலைவலி. ராக்கி மலையில் நிலக்கரியோடு சேர்ந்து கிடக்கும் பாறைகளில் செலினியம் என்ற தனிமம் இருக்கிறது. பாறை பாறையாக இருக்கும்வரை அதனால் தொல்லையில்லை. வெடிவைத்து நொறுக்கி மலைபோலக் குவித்தால், காற்றும் மழைநீரும் உள்ளே புகுந்து அதை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. அப்போது அது தண்ணீரில் எளிதில் கரையும் செலினேட் ஆகி, கழிவுப் பாறைக் குவியலிலிருந்து ஆண்டுக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும்.

செலினியம் வினோதமான தனிமம். மனிதருக்கும் மாட்டுக்கும் கொஞ்சம் வேண்டும், சற்றுக் கூடினாலே நஞ்சு. தேவைக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகலானது. தண்ணீரில் மிகச் சிறிய அளவில் இருந்தாலும் பாசி அதைப் பலமடங்கு சேர்த்துக்கொள்ளும். பாசியைப் புழு தின்ன, புழுவை மீன் தின்ன, மீன் முட்டையில் போய் நின்று குஞ்சுகளை ஊனமாக்கும்.

அளவுகளைப் பாருங்கள். நீர்வாழ் உயிர்களைக் காக்க பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். நம் நாட்டுக் குடிநீர்த் தரநிலையில் 10 மைக்ரோகிராம். பாசன நீருக்கு உலக உணவு வேளாண் நிறுவனம் சொல்வது 20 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு துகள்தான் மைக்ரோகிராம்.

'பாசனத்துக்கு 20 வரை போகலாம் என்றால் விவசாயிக்கு என்ன கவலை?' என்று கேட்கலாம். கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கருக்கு ஒரு மீட்டர் ஆழம் தண்ணீர் பாய்ச்சினால் சுமார் 40 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் வீதம் 80 கிராம் செலினியம் வயலுக்கு வருகிறது. ஓர் ஏக்கரின் மேல்மண் சுமார் 9 லட்சம் கிலோ. அதாவது, கிலோ மண்ணுக்கு ஆண்டுக்கு 0.09 மில்லிகிராம் கூடும். மண்ணில் 0.5 மில்லிகிராமைத் தாண்டினாலே அதைச் செலினியம் மிகுந்த மண் என்கிறோம். வந்தது முழுவதும் மண்ணில் தங்கிவிடாது, ஒரு பகுதி வடிகாலில் போகும். ஆனாலும் வரம்பின் விளிம்பிலேயே ஆண்டுக்கணக்கில் பாய்ச்சினால் எங்கே போய் நிற்போம் என்பது புரியும்.

நம் நாட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு. பஞ்சாபில் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் வட்டாரங்களின் சில கிராமங்களில் மண்ணிலேயே இயற்கையாகச் செலினியம் அதிகம். அங்கே கோதுமை இலை வெளுத்துப்போகும். அந்தத் தீவனத்தைத் தின்ற எருமைகளுக்கு முடி கொட்டி, குளம்பு கழன்றது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கெஸ்டர்சன் என்ற நீர்த்தேக்கத்தில் வயல்களின் வடிகால் நீரைத் தேக்கினார்கள். 1983-ல் அங்கே பறவைக் குஞ்சுகள் கண்ணில்லாமலும் காலில்லாமலும் பிறந்ததைக் கண்டார்கள்.

ஓல்ட்மேன் ஆற்றுநீர் இன்று பயிருக்கு ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. மீனுக்கான வரம்பு பயிருக்கான வரம்பைவிடப் பத்தில் ஒரு பங்கு. ஆகவே முதலில் அடிபடுவது மீன்தான். ஆனால் ஆற்றில் மீன் சாகிறது என்றால் விவசாயிக்குக் கிடைத்த முன்னெச்சரிக்கை அது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டு அனுபவம்

கிராஸி மவுண்டனில் என்ன நடக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. மலைமுகட்டுக்கு மேற்கே, பிரிட்டிஷ் கொலம்பியாவின் எல்க் பள்ளத்தாக்கில் பல பத்தாண்டுகளாகப் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்கள் நடக்கின்றன. அங்கே ஆற்றில் செலினியம் கூடியதால் ஸ்பார்வுட் என்ற ஊரின் குடிநீர்க் கிணறு ஒன்றை மூட வேண்டிவந்தது. ஆறு எல்லை தாண்டி அமெரிக்காவின் மொன்டானாவுக்கும் போவதால், அது இரண்டு நாட்டுப் பிரச்சினையாகிவிட்டது. அப்போது அந்தச் சுரங்கங்களை நடத்திய டெக் நிறுவனத்துக்கு 2021 மார்ச்சில் 6 கோடி கனடா டாலர் தண்டம் விதித்தது நீதிமன்றம். கனடாவின் மீன்வளச் சட்டத்தின்கீழ் அதுவரை அவ்வளவு பெரிய தண்டம் விதிக்கப்பட்டதில்லை.

நிறுவனம் சும்மா இருக்கவில்லை. நீரைச் சுத்திகரிக்க 100 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டிருக்கிறது. பாக்டீரியாக்களை வைத்துச் செலினியத்தைப் பிரிக்கும் ஆலைகளைக் கட்டியது. ஆனால் முதல் ஆலை மொத்தச் செலினியத்தைக் குறைத்தாலும், மீந்ததை உயிர்களின் உடலில் எளிதில் ஏறும் வடிவத்துக்கு மாற்றிவிட்டது. அதைத் திருத்த மறுபடியும் செலவு, மறுபடியும் காலம். இன்று சில ஓடைகளில் நிலைமை சீராகி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தொழில்நுட்பமே இல்லை என்பது தவறு. ஆனால் கழிவுப் பாறை கசியும் காலம் வரை ஆலையும் ஓடியாக வேண்டும். சுரங்கத்தின் ஆயுள் 20 முதல் 25 ஆண்டு. கசிவின் ஆயுள் அதைவிடப் பல மடங்கு.

இதற்கும் ஆதாரம் உண்டு. ஆல்பர்ட்டா பக்கத்தில் டென்ட் மவுண்டன் என்ற சுரங்கம் 1983-ல் மூடப்பட்டது. அதன் கசிவு போய்ச் சேரும் குரோஸ்னெஸ்ட் ஏரியின் மீன்களில் செலினியம் பாதுகாப்பான அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் அண்மையில் கண்டிருக்கிறார்கள். மூடி 40 ஆண்டுகள் ஆன பிறகும் மலை கசிந்துகொண்டிருக்கிறது.

கொள்கை ஆடிய ஊசல்

1976-ல் ஆல்பர்ட்டா அரசு ஒரு நிலக்கரிக் கொள்கை வகுத்தது. மலையை நான்கு வகையாகப் பிரித்து, எங்கே தோண்டவே கூடாது, எங்கே திறந்தவெளிச் சுரங்கத்துக்குப் பொதுவாக இடமில்லை என்று வரையறுத்தது. 44 ஆண்டுகள் அது நின்றது. 2020-ல், கொரோனா காலத்தில், மக்களைக் கலந்து பேசாமலேயே அரசு அதை ரத்து செய்தது. மாட்டுப் பண்ணையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். நகராட்சிகள் தீர்மானம் போட்டன. 2021 பிப்ரவரியில் அரசு பின்வாங்கிப் பழைய கொள்கையை மீட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் கூட்டு மறுஆய்வுக் குழு, கிராஸி மவுண்டன் திட்டத்தால் கிடைக்கும் பொருளாதாரப் பலனைவிட நீருக்கும் அரிய மீனினத்துக்கும் வரும் கேடு பெரிது என்று நிராகரித்தது. செலினியத்தைப் பிடித்துவிடுவோம் என்ற நிறுவனத்தின் உறுதிமொழியைக் குழு நம்பவில்லை.

2022-ல் ஆய்வுப் பணிகளுக்கும் தடை வந்தது. நிறுவனங்கள் இழப்பீடு கேட்டு அரசுமீது வழக்குப் போட்டன. 2024 டிசம்பரில் அரசு புதிய அணுகுமுறையை அறிவித்தது. மலையுச்சியை வெட்டும் சுரங்கம் கூடாது, அடிவாரத்தில் புதிய திறந்தவெளிச் சுரங்கம் கூடாது, ஆனால் முன்னேறிய நிலையில் உள்ள திட்டங்களுக்கு விலக்கு. கிராஸி மவுண்டனுக்கும் அந்த விலக்கு கிடைத்தது. 2025 ஜனவரியில் தடை நீங்கியது, மே மாதம் ஆய்வுத் துளைகளுக்கு அனுமதி வந்தது.

சுரங்கத்தை ஆதரிப்பவர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். இது அனல்மின் நிலையத்துக்கான கரி அல்ல, எஃகு உருக்க வேண்டிய கரி. ஆல்பர்ட்டா தன் கடைசி நிலக்கரி மின் அலகை 2024-ல் நிறுத்திவிட்டது. ஆனால் எஃகு எல்லோருக்கும் வேண்டும். இந்தியாவும் எஃகுக் கரியில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. குரோஸ்னெஸ்ட் பாஸ் நகரம் நிலக்கரியால் பிறந்த ஊர். இளைஞர்களுக்கு வேலை வேண்டும், நகராட்சிக்கு வரி வேண்டும், பழைய சுரங்கம் விட்டுப்போன வடு மலையில் அப்படியே கிடக்கிறது. 2024 நவம்பரில் அந்த நகரில் நடந்த வாக்கெடுப்பில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் திட்டத்தை ஆதரித்தார்கள். பூர்வகுடி மக்களிடையிலும் ஆதரவு, எதிர்ப்பு இரண்டும் உண்டு.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சுரங்கம் வரவிருக்கும் இடம் அந்த நகராட்சிக்குள் இல்லை. பக்கத்தில் உள்ள ரேஞ்ச்லேண்ட் என்ற வட்டாரத்தில் இருக்கிறது. மேய்ச்சல் நிலமும் சொற்ப மக்கள்தொகையும் கொண்ட அந்த வட்டாரம் திட்டத்தை எதிர்க்கிறது. வாக்களித்தது ஓர் ஊர், தோண்டுவது வேறோர் ஊரில், தண்ணீர் போவது மூன்றாவது ஊருக்கு. அணைக்குக் கீழே லெத்பிரிட்ஜ் வரைக்கும் உள்ள பாசன விவசாயிகளிடம் யாரும் வாக்குச்சீட்டு நீட்டவில்லை. வேலை மேலே கிடைக்கிறது, ஆபத்து கீழே போகிறது. இந்தச் சண்டையின் உயிர்நாடி இதுதான் என்பது என் கருத்து.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

தமிழ்நாட்டில் நிலக்கரி மலையில் இல்லை, சமவெளியில் இருக்கிறது. ராக்கி மலையின் செலினியத்தை நெய்வேலியோடு முடிச்சுப் போடுவது அறிவியல் ஆகாது. பாறை வேறு, நீர் வேறு. ஆனால் கேள்வி ஒன்றுதான். 2023 ஏப்ரலில் டெல்டாவின் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய இடங்கள் நிலக்கரி ஏலப் பட்டியலில் இருந்தது தெரிந்து, எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டன. 2020-ல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நமக்கு ஒரு வேலி. வேலி போட்டால் மட்டும் போதாது, அது நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும். 44 ஆண்டுகள் நின்ற ஆல்பர்ட்டாக் கொள்கை ஒரே அறிவிப்பில் போனது.

உங்கள் ஊருக்கு மேலே சுரங்கமோ, குவாரியோ, ஆலையோ வருகிறது என்றால் இவற்றைச் செய்யுங்கள்:

முதலாவது, தொழில் தொடங்கும் முன்பே கிணறு, வாய்க்கால், ஏரி நீரைப் பரிசோதித்து, தேதியோடு அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். 'முன்பு எப்படி இருந்தது' என்ற சான்று இல்லாவிட்டால் பின்னால் எந்த வாதமும் நிற்காது. கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை எடுப்பது நல்லது.

இரண்டாவது, வழக்கமான பாசன நீர்ப் பரிசோதனையில் கார அமில நிலை, உப்பின் அளவு, சோடியம், கார்பனேட் போன்றவைதான் பார்க்கப்படும். செலினியம், ஆர்செனிக், கன உலோகங்கள் வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். வரவிருக்கும் தொழிலின் பாறையில், கழிவில் என்ன இருக்கிறது என்று கேட்டு, அதற்கேற்பச் சோதனையைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது, நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை கிணற்றில் கயிறு விட்டு அளந்து ஒரு நோட்டில் எழுதினால் போதும். பத்து விவசாயிகள் ஐந்து ஆண்டு எழுதிய நோட்டு, எந்த ஆலோசகரின் அறிக்கைக்கும் எதிரே நிமிர்ந்து நிற்கும்.

நான்காவது, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். தண்ணீர் யாருடைய பங்கிலிருந்து வரும்? கழிவு எத்தனை ஆண்டு கசியும்? மூடிய பிறகு சுத்திகரிப்புச் செலவை யார் ஏற்பார், அதற்கான வைப்புத்தொகை எங்கே? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஐந்தாவது, விரிவாக்கப் பணியாளர்களுக்கு. திட்ட அறிக்கையில் பாதிக்கப்படும் பகுதி என்று சுரங்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். தண்ணீர் வட்டத்தில் ஓடுவதில்லை, சரிவில் ஓடுகிறது. கடைமடை வரை உள்ள பாசனதாரர் சங்கங்களுக்கும் செய்தி போய்ச் சேருவதை உறுதி செய்யுங்கள்.

ஆல்பர்ட்டா விவசாயிகளின் சண்டை இன்னும் முடியவில்லை. ஆய்வுத் துளைக்கான அனுமதி சுரங்கத்துக்கான அனுமதி அல்ல. முழுத் திட்டம் வந்தால் மறுபடியும் விசாரணை, மறுபடியும் வாதம். அங்கே பாசனச் சங்கங்கள் உரிமக் கணக்கையும் நீர்ப் பரிசோதனை அறிக்கைகளையும் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகின்றன. அந்த ஆவணங்கள் நம் கையிலும் இருக்கிறதா என்று இந்தப் பருவத்திலேயே பார்த்துக்கொள்வோம்.